மாடிக்கு நெட்வொர்க் கேபிள்: சுவருக்குள்ளா, வெளிச்சுவரிலா?

கீழே ரவுட்டர், மேலே வைஃபை தள்ளாடுகிறது. சரி, ஒரு கேட்6 கேபிள் (நெட்வொர்க்குக்கான செம்புக் கம்பி) இழுத்துவிடலாம். ஆனால் எந்த வழியாக?

செலவு
உள்ளே: காலிக் குழாய் இருந்தால் கேபிள் விலை மட்டும்தான். இல்லையென்றால் சுவரை வெட்டி, பூசி, பெயின்ட் அடிக்க வேண்டும். கேபிளைவிட அதற்குத்தான் காசு போகும்.
வெளியே: இரண்டு துளை, கொஞ்சம் கிளிப்.

ஆயுள்
உள்ளே: வெயில் மழை படாது. மின்கம்பி ஓடும் குழாயில் மட்டும் இதையும் திணிக்காதீர்கள், அது ஆபத்து.
வெளியே: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண பிவிசி உறை வெயிலில் வெடித்துவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலிஎத்திலீன் உறையுள்ள வெளிப்புறக் கேபிள் வேண்டும். துளையை வெளிப்பக்கம் சரியும்படி போடுங்கள். நுழையுமிடத்துக்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். மின்னல் பயம் அதிகமென்றால் உலோகம் கலக்காத ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) நல்லது, அது மின்சாரத்தைக் கடத்தாது.

வேகம்
இரண்டும் ஒன்றுதான்: கேட்6-இல் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட்.

வீடு கட்டிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், உள்ளேதான். தனிக் குழாய் பதித்து, பின்னால் இழுக்க ஒரு கயிறையும் உள்ளே விட்டுவையுங்கள். கட்டி முடித்த வீட்டில் குழாய் இல்லையென்றால் வெளிச்சுவர். வாடகை வீடென்றால் துளைபோடும் முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை. அப்புறம், செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வேண்டவே வேண்டாம். மலிவென்று வாங்கி இரண்டு முறை இழுத்தவன் நான்.