ஆறடித் தொட்டியில் நாட்டு மீன்கள்: சில ஆண்டு அனுபவம்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர் பிடிக்கும் தொட்டி இது. தென்னிந்திய ஆறு, ஓடை, குளங்களில் இயல்பாக வாழும் மீன்களை மட்டும் இதில் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். இதைப் பார்க்க வருபவர்கள் முதலில் நிறத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நிறம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த மீன்களின் நடவடிக்கைதான். கூட்டமாகத் திரிவது, எல்லை பிடிப்பது, ஜோடி சேர்ந்து குஞ்சைக் காப்பது எல்லாவற்றுக்கும் இவற்றுக்கு இடம் வேண்டும். இவ்வளவு பெரிய தொட்டியைக் கட்டி மேய்க்கும் பாட்டுக்கு அதுதான் பலன்.

தொட்டியின் நடுப்பகுதி ஃபிலமென்ட் பார்ப் கெண்டைகளுடையது. குட்டியாக வரும்போது உடலில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். வளர வளரப் பட்டைகள் மங்கி, வால் அருகே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும். அப்புறம் ஆண் மீன்களின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீளத் தொடங்கும். இதைக் காண ஒரு வருடமாவது பொறுத்திருக்க வேண்டும். கடைத் தொட்டியில் குட்டியைப் பார்த்து "சாதாரணக் கெண்டை" என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. இரண்டு ஆண்கள் துடுப்பை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒட்டியபடி சுற்றிச் சுற்றி வரும். எட்டுப் பத்து மீன்கள் இருந்தால் இந்தச் சண்டை வெறும் மிரட்டலோடு முடிந்துவிடும். மூன்று நான்கு மட்டும் இருந்தால் ஒன்று மாட்டிக்கொண்டு அவதிப்படும். இந்தக் கெண்டைகளை 2012இல் தனிப் பேரினமாகப் பிரித்து, உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸைச் சிறப்பிக்கும் வகையில் டாக்கின்சியா என்று பெயரிட்டார்கள்.

மிஸ் கேரளா என்ற மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் நெடுகக் கறுப்புக் கோடு, அதன் மேல் கண்ணிலிருந்து ஓடும் சிவப்புக் கோடு என்று அமர்க்களமாக இருக்கும். 1865இல் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று இது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. அலங்கார மீன் வியாபாரத்துக்காக மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து அள்ளிக்கொண்டே இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் பண்ணையில் பிறந்த குட்டி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆறு அங்குலம் வரை வளரும், இடைவிடாமல் நீந்தும். மூன்றடித் தொட்டியில் இதை அடைத்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அடிமட்டத்தில் அயிரை. குழம்பில் மட்டுமே இதைத் தெரிந்தவர்கள் தொட்டியில் ஒரு மாலை நேரம் பார்க்க வேண்டும். ஒரு வாய் மணலை எடுத்து, உள்ளே இருக்கும் தீனியைச் சலித்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியே தூவிவிடும். பயந்தால் மணலுக்குள் புகுந்து இரண்டு கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். திடீரென்று நீர்மட்டத்துக்குப் பாய்ந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. எப்போதாவது செய்தால் இயல்பு. எல்லா அயிரையும் அடிக்கடி மேலே ஓடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம், உடனே பம்பைப் பாருங்கள். அயிரை மணலைச் சலிக்கவும் அதில் புதையவும் வேண்டும் என்பதற்காகவே தரையில் கூர்மையான கல் போடாமல், நன்றாகக் கழுவிய மெல்லிய ஆற்று மணல் போட்டிருக்கிறேன்.

கெளுத்தி, விரால், ஆரல் மூன்றையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. முதல் இரண்டும் வாய்க்கு அடங்கும் மீனை விழுங்கிவிடும். ஆரல் எந்தச் சின்ன இடுக்கு வழியாகவும் வெளியேறும், கடையில் விற்கும் உருண்டைத் தீனியைச் சீக்கிரத்தில் ஏற்காது. ஜிலேபிக் கெண்டையை நாட்டு மீன் என்று நினைத்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பெரிய வசதி, ஹீட்டர் தேவையில்லை. சிரமம் கோடையில்தான். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். ஓடை மீன்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கும்படி விழ வேண்டும், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓட்டம் தரத் தனியாக ஒரு பம்ப் வேண்டும். மின்சாரம் போனால் ஓட, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைத் தொட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கோடையில் தீனியையும் குறைத்துவிடுகிறேன்.

புதுத் தொட்டியில் மீன் விடுவதற்கு முன் ஃபில்டரில் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். கிட்டத்தட்ட 170 லிட்டர், வாளியில் சுமந்தால் இடுப்பு போய்விடும். தொட்டி வாங்கும்போதே குழாய்க்கும் வடிகாலுக்கும் ஹோஸ் எட்டுமா என்று பார்த்து இடம் முடிவு செய்யுங்கள். தரையின் பலத்தையும் பாருங்கள், தண்ணீர் மட்டுமே 680 கிலோ.

நீண்ட நாள் ஓட்டத்தில் தெரியவந்தவை சில. கண்ணாடியும் சிலிக்கான் ஒட்டும் நன்றாகவே இருக்கின்றன. ஃபில்டரின் வேகம் மெல்ல மெல்லக் குறைவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் ஒருமுறை அதனுள் சுழலும் இம்பெல்லர் விசிறியைக் கழற்றிக் கழுவினால் பழைய வேகம் திரும்பிவிடும். செடிகளில் இளந்தளிர் எல்லாம் கெண்டைகளுக்குத் தீனி. வேலம்பாசி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வாலிஸ்னேரியா மட்டும் தின்னத் தின்ன வளர்கிறது. வெந்நீரில் போட்டெடுத்த கீரையை அவ்வப்போது கட்டித் தொங்கவிட்டால் செடிகள் கொஞ்சம் பிழைக்கும். தொட்டியில் இருக்கும் மலபார் டேனியோ என்ற மீன்கள் துள்ளும், அதனால் கம்பி போகும் ஓட்டை உட்பட எல்லாவற்றையும் மூட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தவை ஆரஞ்சு குரோமைடுகள். விரல் நீள மீன், மஞ்சள் உடலில் சிவப்புப் புள்ளிகள். ஜோடி சேர்ந்ததும் அடிவயிறு கறுத்துவிடும். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்து அதில் முட்டைகளை ஒட்டும். ஒன்று மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டிருக்க, மற்றது காவல் நிற்கும். தன்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய கெண்டை அருகே வந்தாலும் விரட்டிவிடும். குஞ்சு பொரிந்ததும் மணலில் தோண்டிய குழிக்குள் வாயால் தூக்கிப் போட்டு, ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தகப்பன் உடல்மேல் உரசி உரசி அங்கே சுரக்கும் சளியைத் தின்னும். பெரிய மீனோ நகராமல் நின்று கொடுக்கும். சின்னத் தொட்டியில் இந்த ஜோடி மற்ற மீன்களை மூலையில் முடக்கிவிடும். ஆறடி இருந்தால், ஓர் ஓரத்தில் குடும்பம் நடக்க, மற்ற மீன்கள் மறு ஓரத்தில் தங்கள் பாட்டுக்குத் திரிகின்றன.

பெரும்பாலான குஞ்சுகளைக் கெண்டைகள் தின்றுவிடும். தப்பிப் பிழைப்பவற்றைத் தனித் தொட்டியில் வளர்த்து, மீன் வளர்க்கும் நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். "நாட்டு மீன்தானே, ஆற்றிலேயே விட்டுவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். விடக் கூடாது. தொட்டியில் ஒட்டிய நோய்க்கிருமியும் ஒட்டுண்ணியும் அதோடு சேர்ந்து போகும், வேறோர் ஆற்று வம்சம் அங்குள்ளதோடு கலந்துவிடும். அடுத்த ஈட்டுக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் குஞ்சுகளைப் பிரித்தெடுக்காமல் தொட்டியிலேயே விட்டுவிடுவேன்.