உறிஞ்சித் துப்பும் கெண்டைக்கு எந்த இரை: அமிழ்வதா, மிதப்பதா, இரண்டுக்கும் நடுவா?

இங்கிலாந்துக் குளங்களில் பிடித்த பெரிய கெண்டையைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது வழக்கம். ஒரே மீன் பலமுறை முள்ளில் மாட்டித் தப்பியிருக்கும். அது இரையைக் கவ்வாது. உறிஞ்சிப் பார்த்து, உறுத்தினால் அந்தக் கணமே துப்பிவிடும். 1970களின் இறுதியில் லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் உருவாக்கிய ஹேர் ரிக், அந்தத் துப்பலையே பயன்படுத்திக்கொள்கிறது. இரை முள்ளில் இராது, முள்ளுக்குப் பின்னால் தொங்கும் மெல்லிய இழையில் இருக்கும். துப்பும்போது முள் கீழுதட்டில் இறங்கும்.

அந்த இழையில் எதைக் கோப்பது என்பதில்தான் போட்டி.

அமிழும் பாய்லி, அதாவது முட்டையில் மாவு பிசைந்து அவித்த உருண்டை, சுற்றிலும் முள்ளின்றித் தூவிய உருண்டைகளைப் போலவே கிடக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, வாய்க்குத் தெரியும். தூவியவை உறிஞ்சலில் லேசாக எழ, முள்ளின் எடை இதைப் பின்னிழுக்கும். மீன்கள் போட்டிபோட்டு மேயும்போது இதுவே போதும். தயங்கி மெல்ல உறிஞ்சும் மீனிடம் முள் உதட்டையே தாண்டாது.

மிதக்கும் பாப்-அப், முள்ளோடு தரைக்கு 3 செ.மீ. மேலே நிற்கும். சேறும் உதிர்ந்த இலையும் மண்டிய இடத்தில் இதற்கு ஈடில்லை. அது மேலே போய்விடாமல் இருக்க நரம்பில் ஒட்டும் கனமான டங்ஸ்டன் பசை மிஞ்சினால் முள் திரும்பாது, குறைந்தால் நிற்காது. கரையோரத் தண்ணீரில் விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். சுத்தமான சரளைத் தரையில் மட்டும் இது தனித்துத் தெரியும்.

மீன் மிரளும் குளத்தில் எங்கள் முதல் தேர்வு வாஃப்டர். அதன் மிதப்பு முள்ளின் எடையை ஈடுகட்டும். முள் தரையில் படுத்திருக்கும், உருண்டை மட்டும் நிமிர்ந்து நிற்கும். சிறு உறிஞ்சலிலேயே உள்ளே போய்விடும். 15 மி.மீ. உருண்டையை 6ஆம் எண் முள்ளோடு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முள்ளும் எழுந்தால் உருண்டையைச் சீவுங்கள். சாய்ந்து விழுந்தால் நடுவில் சிறு கார்க் துண்டு செருகுங்கள். ஊற ஊற மிதப்பு குறையும். இரவு முழுக்கப் போடுவதானால், அவ்வளவு நேரம் ஊறவைத்தே சோதிக்க வேண்டும்.

எதுவானாலும் உருண்டைக்கும் முள்வளைவுக்கும் இடையே 5 மி.மீ. விடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் முள் திரும்ப இடமிருக்காது. ஈயத்துக்கும் முள்ளுக்கும் இடையே 15–20 செ.மீ. நரம்பு, 85 கிராம் ஈயம். மீன் இழுப்பதைச் சொல்லும் தூண்டில் மணி ஒருமுறை ஒலித்து அடங்கினால் மீன் நரம்பில் உரசியிருக்கலாம், துப்பியும் இருக்கலாம். தொடர்ந்து அப்படியே நடந்தால் இழுத்து, முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் முள்ளை மாற்றுங்கள். குத்தி நின்றால் அந்த நரம்பை 5 செ.மீ. நீட்டிப் போடுங்கள்.