வீட்டிலிருந்தே ஐஐடி மெட்ராஸ் பிஎஸ் பட்டம்: எங்கே தடுக்கும், எப்படிக் கடப்பது

ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு 2020-இல் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். முழுப் பட்டமான பிஎஸ்ஸுக்கு 142 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்புப் புள்ளி). நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்கேற்ப பவுண்டேஷன் (அடிப்படைக் கட்டம்) சான்றிதழோ டிப்ளமோவோ பிஎஸ்சியோ கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய தெம்பு.

வீடியோ பாடமும் வாராந்திர அசைன்மென்டும் வீட்டில். இரண்டு குவிஸும் எண்ட் டெர்மும் (பருவ இறுதித் தேர்வு) தேர்வு மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். ஷிப்ட் வேலை என்றால் டெர்ம் அட்டவணை வந்த அன்றே லீவு சொல்லிவிடுங்கள்.

ஆண்டுக்கு மூன்று டெர்ம். ஒரு டெர்மில் நான்கு பாடம் வரை எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் கேட்கும். வேலையோடு படிப்பவர் இரண்டோடு நிறுத்துவதே சரி. அசைன்மென்ட் சராசரி குறைந்தால் எண்ட் டெர்ம் எழுதவே விடமாட்டார்கள். பிறகு அதே பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும்.

கணிதம் 1 பள்ளிப் பாடம் போலவே இருப்பதால் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். கணிதம் 2-இல் மேட்ரிக்ஸ், வெக்டர் ஸ்பேஸ், கிரேடியன்ட் எல்லாம் வரிசையாக வரும். டிப்ளமோவின் மெஷின் லேர்னிங் பாடங்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கின்றன. வீடியோவை ஓடவிட்டுத் தலையாட்டினால் ஏறாது. நோட்டில் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிப் பாடத்துக்கு வீட்டிலேயே கேமரா கண்காணிப்பில் புரோகிராமிங் தேர்வும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத டெஸ்ட் கேஸ்களிலும் (கோடைச் சோதிக்கும் உள்ளீடுகள்) கோட் தேற வேண்டும். லாஜிக் சரியாக இருந்தும் கேட்ட வடிவத்தில் அவுட்புட் வராவிட்டால், ஒரு காற்புள்ளி கூடினாலும், அந்தக் கேஸ் போச்சு. சும்மா பிரின்ட் செய்து பார்க்காமல், கொடுத்த மாதிரி அவுட்புட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடும் பழக்கம் வேண்டும்.

மொபைலில் பாடம் பார்க்கலாம்; புரோகிராமிங்குக்கு லேப்டாப் இல்லாமல் முடியாது. 8 ஜிபி ரேம் போதும். டிப்ளமோவில் வரும் ஆப் டெவ் 1 (வெப் ஆப் உருவாக்கும் பாடம்) புராஜெக்ட், பிளாஸ்க் என்ற பைத்தான் கருவியோடும் எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸோடும் நிம்மதியாக ஓடும். ஆப் டெவ் 2-இல் ரெடிஸும் செலரியும் (பின்னணி வேலைகளுக்கு உதவும் மென்பொருள்கள்) சேரும்போது விண்டோஸ்காரர்களுக்குத் தலைவலி ஆரம்பம்: இரண்டுமே விண்டோஸில் நேரடியாக ஒழுங்காக ஓடாது. டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸில் ஓட்டுங்கள். இதை முதல் வாரமே முடித்துவிட வேண்டும். புராஜெக்ட் கெடு நெருங்கும்போது இன்ஸ்டலேஷனோடு மல்லுக்கட்டினால், வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக நேரமே இருக்காது. வைவாவில் திரையைப் பகிரச் சொல்லி, எந்த ரூட் (ஆப்பின் முகவரிப் பாதை) எதற்கு என்று கேட்பார்கள். வேறு யாரோ எழுதிய கோட் என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.