சீஹார்ஸ் எக்ஸ்எஃப்இ96: ஆஸ்ட்ரோசைட் ஆய்வுக்கு எவ்வளவு நம்பலாம்?

மூளை நோய் என்றதும் நியூரானை மட்டும் தேடிப்போன காலம் மாறிவிட்டது. கல்லீரல் செயலிழந்தவர்களின் மூளையில் அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றும் ஆஸ்ட்ரோசைட் (நியூரானுக்குத் துணைநிற்கும் நட்சத்திர வடிவச் செல்) வீங்குகிறது. தசைகளை இயக்கும் நியூரான்கள் சாகும் ஏஎல்எஸ் நோயில், நரம்பிழைகளுக்கு உறை போர்த்தும் ஆலிகோடென்ட்ரோசைட்டின் லாக்டேட் கடத்தியான எம்சிடி1 குறைகிறது. லாஃபோரா என்ற பரம்பரை வலிப்பு நோயில் கிளைகோஜன் (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) கரையாத கட்டிகளாகப் படிகிறது. ஆகவே கிளியா எனப்படும் இந்தத் துணைச் செல்களின் வளர்சிதை மாற்றத்தை அளக்க நினைக்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது அஜிலென்ட்டின் சீஹார்ஸ் கருவியை. அது நல்ல கருவிதான். ஆனால் அதனுடன் வரும் வழக்கமான செய்முறை எல்லா வகைச் செல்லுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. ஆஸ்ட்ரோசைட்டுக்கு அதை அப்படியே கையாண்டால், திரையில் ஏறும் கோடு அழகாக இருக்கும், அதற்குத் தரும் விளக்கம் தவறாகிவிடும்.

கருவி செய்வது இதுதான். 96 குழித் தட்டின் மேல் சென்சார் மூடி இறங்கி, செல் படுகைக்குச் சற்று மேலே நின்று, சுமார் 2 மைக்ரோலிட்டர் இடத்தை மட்டும் தற்காலிகமாக அடைக்கிறது. அங்கே ஆக்சிஜன் குறையும் வேகம் ஓசிஆர், அமிலம் கூடும் வேகம் ஈசிஏஆர். பிறகு மூடி உயர்ந்து ஊடகத்தைக் கலக்குகிறது. செல்லைப் பெயர்க்காமல், சாயம் ஏற்றாமல், அதே குழியில் நான்கு மருந்துகள் வரை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தலாம். தட்டோடு ஒட்டிக் கை நீட்டிப் படர்ந்தால்தான் ஆஸ்ட்ரோசைட் இயல்பாக இருக்கும். அதனால் இந்த ஒரு வசதியே பெரிய வரம். 2 மில்லிலிட்டர் அறை கொண்ட ஆக்சிஜன் மின்முனைக் கருவிகள் நுட்பத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் அங்கே செல்லைப் பிரித்து மிதக்கவிட வேண்டும்.

தட்டு தயாரிப்பில்தான் பாதி சோதனைகள் கெடுகின்றன. குழிகளுக்குப் பாலி-டி-லைசின் பூச்சு கட்டாயம். நெருக்கமாக வளர்ந்த ஆஸ்ட்ரோசைட் படுகை, கழுவும்போது ஓரத்தில் கிளம்பி ஒரே பாயாகச் சுருண்டு வந்துவிடும். குழிக்கு 80 மைக்ரோலிட்டரில் 15,000 முதல் 40,000 செல்கள் வரை வெவ்வேறு அடர்த்தியில் விதைத்துப் பார்த்து, ஓசிஆர் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் ஏறும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். விதைத்த தட்டை ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு இன்குபேட்டருக்குள் கொண்டுபோனால் செல்கள் ஓரத்தில் குவிவது குறையும். நான்கு மூலைக் குழிகளும் பின்னணி அளவீட்டுக்கு. அங்கே செல் கூடாது, ஊடகம் கட்டாயம் இருக்க வேண்டும். சென்சார் மூடியை முந்தின நாளே குழிக்கு 200 மைக்ரோலிட்டர் கேலிபரன்ட் என்ற அளவுதிருத்தக் கரைசலில் ஊறவைத்து, கரியமில வாயு இல்லாத 37 டிகிரி இன்குபேட்டரில் இரவு முழுக்க வையுங்கள். கருவியையும் இரவே போட்டுவிடுவது நல்லது, வெப்பம் நிலைப்பதற்குள் ஓட்டினால் முதல் அளவீடுகள் சரிந்துகொண்டே போகும்.

மறுநாள் ஊடகத்தை மாற்றும்போது குழியில் 20 மைக்ரோலிட்டரை மிச்சம் வைத்தே கழுவ வேண்டும். கடைசியில் 180 ஆக்கி, 45 முதல் 60 நிமிடம் வாயுவில்லா இன்குபேட்டரில். மருந்துகளைப் பத்து மடங்கு செறிவில் கரைத்து, சென்சார் மூடியில் உள்ள ஏ துளைக்கு 20, பி-க்கு 22, சி-க்கு 25 மைக்ரோலிட்டர். மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி (ஆற்றல் மூலக்கூறு) தயாரிப்பைத் தடுக்கும் ஆலிகோமைசின் 1.5 மைக்ரோமோலார், சுவாசச் சங்கிலியை நிறுத்தும் ரோட்டினோனும் ஆன்டிமைசினும் தலா 0.5 என்பவை ஆஸ்ட்ரோசைட்டுக்கும் பொருந்துகின்றன. சுவாசத்தை உச்சத்துக்கு ஏற்றும் எஃப்சிசிபியை மட்டும் யார் சொன்ன அளவிலும் போடாதீர்கள். 0.25 முதல் 2 வரை உங்கள் செல்லில் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். ஊடகத்தில் சீரமோ ஆல்புமினோ எஞ்சியிருந்தால் அது எஃப்சிசிபியைக் கட்டிப்போடும், உச்ச சுவாசம் பொய்யாகக் குறையும். ஆலிகோமைசினுக்குப் பின் எஃப்சிசிபி போட்டால் சில செல்களில் உச்சம் எட்டாது. சில குழிகளில் ஆலிகோமைசின் இல்லாமல் நேராக எஃப்சிசிபி கொடுத்து ஒப்பிடுவது நல்லது.

ஓசிஆர் பற்றிப் பெரிய குறை இல்லை. சிக்கலெல்லாம் ஈசிஏஆரில்தான்.

கிளைகோலைசிஸில் (ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் பாதை) உண்டாகும் லாக்டேட்டைக் கருவி அளப்பதில்லை, புரோட்டானை (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி) அளக்கிறது. மைட்டோகாண்ட்ரியா வெளிவிடும் கரியமில வாயுவும் நீரில் கரைந்து அமிலமாகிறது. ஆகவே சுவாசம் கூடினாலே ஈசிஏஆரும் கொஞ்சம் ஏறும். இதைக் கழித்துக் கணக்கிடும் கிளைகோலிட்டிக் ரேட் சோதனையை எடுங்கள், பழைய கிளைகோலைசிஸ் ஸ்ட்ரெஸ் சோதனையை விட்டுவிடுங்கள். பழையதில் குளுக்கோஸ் இல்லாத ஊடகத்தில் வரும் அமிலத்தை, 'கிளைகோலைசிஸ் அல்லாதது' என்று மென்பொருள் எழுதிவிடும். மூளையின் கிளைகோஜன் சேமிப்பு முக்கியமாக ஆஸ்ட்ரோசைட்டில்தானே இருக்கிறது! பட்டினி போட்டாலும் அது கிளைகோஜனை உடைத்து லாக்டேட் விடும். லாஃபோரா போன்ற கிளைகோஜன் நோய்களைப் படிப்பவர்கள் இந்த எண்ணை நம்பினால் தேடிவந்ததையே கழித்து எறிந்துவிடுவார்கள். கிளைகோஜன் பாஸ்ஃபாரிலேஸைத் தடுக்கும் டிஏபி போட்ட குழிகளை அருகில் வைத்தால் எவ்வளவு கிளைகோஜனிலிருந்து வந்தது என்று பிரிக்கலாம்.

அடுத்த பொறி, நியூரான்கள் செய்தி கடத்த வெளிவிடும் குளுட்டமேட். 1994-ல் பெலரினும் மாஜிஸ்ட்ரெட்டியும் முன்வைத்த, ஆஸ்ட்ரோசைட் விடும் லாக்டேட்டை நியூரான் எரிபொருளாக்குகிறது என்ற லாக்டேட் பரிமாற்றக் கருத்தைச் சோதிக்க, 100 அல்லது 200 மைக்ரோமோலார் குளுட்டமேட்டைத் துளை வழியே செலுத்துவது வழக்கம். ஆஸ்ட்ரோசைட் ஒரு குளுட்டமேட்டை உள்ளே இழுக்கும்போது மூன்று சோடியத்தோடு ஒரு புரோட்டானும் உள்ளே போகிறது. அதாவது உள்ளிழுப்பே வெளி ஊடகத்தின் அமிலத்தைக் குறைக்கும். கிளைகோலைசிஸ் கூடியிருந்தாலும் ஈசிஏஆர் அசையாமல் நிற்கலாம். கூடவே, குளுட்டமிக் அமிலக் கரைசலை பிஎச் 7.4-க்கு நடுநிலைப்படுத்தாமல் ஏற்றினால் செலுத்திய நொடியில் தோன்றும் மேடு கரைசலுடையது, செல்லுடையது அல்ல. அம்மோனியா சோதனையிலும் இதே கதை: குளுட்டமின் தயாரிப்பே புரோட்டானை விடுவிக்கிறது. இந்த இரண்டுக்கும் ஓசிஆரை மட்டும் எடுத்துக்கொண்டு, லாக்டேட்டை இணைக் குழிகளின் ஊடகத்திலிருந்து நொதி முறையில் நேரடியாக அளப்பதே சரி.

மாற்றவே முடியாத குறை ஒன்று உண்டு. அமில மாற்றம் தெரிய வேண்டும் என்பதால் ஊடகத்தில் பைகார்பனேட் கிடையாது. ஆனால் நியூரான்கள் பொட்டாசியத்தை வெளியே கொட்டும்போது ஆஸ்ட்ரோசைட் அதை உணர்வது, பைகார்பனேட்டை உள்ளிழுத்து, அதனால் தூண்டப்படும் அடினைலைல் சைக்லேஸ் வழியாகக் கிளைகோஜனை உடைப்பதன் மூலமும்தான். அந்தப் பாதை இந்தத் தட்டில் அடைந்தே கிடக்கும். பொட்டாசியம் கூட்டி எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட இங்கே இடமில்லை. ஆக்சிஜனும் வெளிக்காற்றின் அளவுக்கு இருக்கிறது, மூளைத் திசுவில் அது மிகக் குறைவு. நியூரானையும் ஆஸ்ட்ரோசைட்டையும் சேர்த்து வளர்த்தால் எந்தச் செல் எவ்வளவு சுவாசித்தது என்று பிரிக்கவும் வழியில்லை. லாக்டேட் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு கார்பன்-13 என்ற ஐசோடோப்பை அடையாளமாக ஏற்றிய குளுக்கோஸும் அசிட்டேட்டும்தான் பொருத்தம்.

நோய் மாதிரிகளை ஒப்பிடும்போது இரண்டு கவனங்கள். வளர்ப்பு ஊடகத்தில் 25 மில்லிமோலார் குளுக்கோஸ் இருந்தால் செல்கள் அதற்கே பழகிவிடும். சோதனைக்குச் சில நாள் முன்பே 5 மில்லிமோலாருக்கு இறக்குங்கள். படுகைமேல் உட்கார்ந்திருக்கும் மைக்ரோகிளியாவை (மூளையின் நோயெதிர்ப்புச் செல்) ஷேக்கரில் ஆட்டி நீக்கி, அதை அடையாளம் காட்டும் ஐபா1 சாயத்தில் சரிபாருங்கள். அழற்சி தூண்டும் எல்பிஎஸ் போட்டால் மைக்ரோகிளியா கிளைகோலைசிஸுக்குத் தாவும், அந்தக் கணக்கு ஆஸ்ட்ரோசைட் தலையில் விழும்.

ஓட்டி முடித்த தட்டைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலோர் பிசிஏ முறையில் புரதம் அளந்து அதால் வகுக்கிறார்கள். நோயில் தூண்டப்பட்ட ஆஸ்ட்ரோசைட் பருத்து, ஜிஎஃப்ஏபி என்ற புரத இழைகளைக் கூட்டிக்கொள்ளும். ஒரு செல்லின் புரதமே அதிகமாகிவிடுவதால், புரதத்தால் வகுத்த ஓசிஆர் குறைந்ததுபோல் காட்டும், சுவாசம் துளியும் மாறாதபோதும். ஹெக்ஸ்ட் சாயமிட்டு உட்கருக்களை எண்ணி வகுங்கள், புரத அளவைப் பக்கத்தில் தனியாகக் கொடுங்கள்.