மூட்டையின் பின்பக்கம்: பூனை, நாய் உணவு வாங்கிப் பழகிய அனுபவம்

வீட்டில் இரண்டு பூனை, ஒரு நாய். மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம் பழைய தரை வீடு. பல வருடமாக மூன்றுக்கும் பிஸ்கட்தான் முக்கியச் சாப்பாடு, நடுநடுவே டின். இத்தனை காலத்தில் ரீபேக், கம்பெனி ஒட்டிய பை, இணையக் கடைப் பார்சல் என்று எல்லா வழியிலும் வாங்கிப் பார்த்தாயிற்று. எந்த பிராண்ட் நல்லது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு பூனை ஆசையாகத் தின்பதை இன்னொன்று முகர்ந்துகூடப் பார்க்காது. எப்படி வாங்குவது, எப்படி வைப்பது, ஏதாவது கோளாறு என்றால் நம் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ரீபேக். இங்கே பல கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோ கிலோவாக வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள். மாதக் கடைசியில் கைகொடுக்கும். புது உணவு பூனைக்குப் பிடிக்குமா என்று பார்க்கவும் வசதி. உணவும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஆனால் பையின் மேல் பிராண்ட் பெயர் மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். காலாவதித் தேதி இல்லை, லாட் எண் (ஒரே தடவையில் செய்த சரக்குக்கு ஆலை போடும் எண்) இல்லை, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இல்லை. மூட்டையை எப்போது பிரித்தீர்கள் என்று கேட்டால் "நேற்றுதான்" என்பார் தவுக்கே, அதாவது கடை முதலாளி. எப்போது கேட்டாலும் நேற்றுதான்.

லாட் எண்ணுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்? ரீகால், அதாவது விற்ற சரக்கை நிறுவனம் திரும்பப் பெறுவது, என்று வந்தால் பிராண்ட் முழுவதற்கும் வருவது அபூர்வம். இன்ன ஆலையில் செய்தது, இன்ன காலாவதித் தேதி, இன்ன எண் என்றுதான் அறிவிப்பார்கள். எண் இல்லாத பையை வைத்திருப்பவருக்கு அந்த அறிவிப்பு கண்ணில் பட்டாலும் பயனில்லை. மொத்தத்தையும் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடவுள் விட்ட வழி என்று தட்டில் போட வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2004இல், தாய்லாந்து ஆலை ஒன்றில் செய்த பெடிகிரி நாய் உணவைத் தின்ற ஆயிரக்கணக்கான நாய்களுக்கு ஆசிய நாடுகள் பலவற்றில் சிறுநீரகம் பழுதானது. மலேசியாவும் அதில் உண்டு. நிறுவனம் உணவைத் திரும்பப் பெற்றது. தானியத்தில் வளர்ந்த பூஞ்சையின் நச்சுதான் காரணம் என்று அப்போது முடிவு கட்டினார்கள். பிறகு 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் 6 கோடி டின், பவுச் அளவுக்குத் திரும்பப் பெற நேர்ந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனில் (கோதுமையின் புரதம்) மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்ய உதவும் வேதிப்பொருள் இருந்தது. அதன் பிறகு 2004இல் இறந்த நாய்களின் சிறுநீரகத் திசுவை மறுபடி எடுத்துப் பார்த்தால், 2007இல் செத்த பிராணிகளின் சிறுநீரகத்தில் கண்ட அதே மெலமைன் படிகங்கள். மூன்று வருடம் பழி பூஞ்சை மேல் கிடந்திருக்கிறது.

மெலமைனை யாராவது சாப்பாட்டில் போடுவார்களா என்றால், போட்டால் லாபம். உணவில் உள்ள புரதத்தை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் கலந்தாலே மட்டமான மாவு சோதனையில் உயர்ந்த புரதமாகத் தெரியும். அதோடு சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு வேதிப்பொருளும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகம் கட்டி அடைத்துவிடும். இதைப் படித்த பிறகு பையின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் புரத விழுக்காடு என்னை முன்போல மயக்குவதில்லை.

விலை கூடினால் பயமில்லை என்பதும் சரிவரவில்லை. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் வகைகளையும் சேர்த்து, ஹில்ஸ் டின் நாய் உணவு 2019 ஜனவரி கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. சப்ளையர் கொடுத்த வைட்டமின் கலவையில் வைட்டமின் டி அளவுக்கு மீறி இருந்ததுதான் காரணம். பிராண்ட் மாற்றினால் தப்பிக்கலாம் என்றால் அதுவும் நிச்சயமில்லை. 2021இல் பிரிட்டனில் இரத்த அணுக்கள் குறைந்து 300க்கும் மேற்பட்ட பூனைகள் இறந்தபோது திரும்பப் பெற்ற உணவுகள் வேறு வேறு பிராண்ட் பெயரில் விற்றவை, செய்தது ஒரே உற்பத்தியாளர். ஆகவே இப்போது பிராண்டைவிட 'எங்கே செய்தது' என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன்.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு? அமெரிக்க எஃப்டிஏவின் (உணவு, மருந்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) அறிவுரை, உலர் உணவை அதன் பையோடு சேர்த்தே மூடியுள்ள டப்பாவில் வை, 27 டிகிரிக்குக் கீழே வை என்பது. முதல் பாதி அருமையான யோசனை. இரண்டாம் பாதியை எழுதியவர் பினாங்கு அடுப்படியை மதிய நேரத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. பிஸ்கட்டுக்காக ஏர்கோன் போட்டு வைக்க முடியாது. நான் கண்ட வழி, பெரிய மூட்டை வாங்குவதை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் தீரும் அளவுக்குச் சின்னப் பை வாங்குவது. கிலோ விலை கூடத்தான் செய்யும். ஆனால் பிரித்த மூட்டை அடியை நெருங்கும்போது பழைய எண்ணெய் வாடை வந்து, பூனைகள் தட்டைச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடும். மிச்சம் பிடித்த காசு கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

டப்பா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரப்பர் வளையம் வைத்த மூடியும் பக்கத்தில் கொக்கியும் உள்ள பிளாஸ்டிக் டப்பா நான் பயன்படுத்துவது. எறும்புக்கு நல்ல தடுப்பு, பல்லிக்கும்தான். வளையம் நாளாக ஆகத் தளர்ந்துவிடும், மூடியைத் தூக்கும்போது 'பக்' என்ற பிடிப்பு இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். பிஸ்கட்டை நேராக டப்பாவில் கொட்டினால் கொழுப்பு சுவரில் படிந்து, எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. புதுப் பிஸ்கட்டுக்கும் அந்த வாடை ஏறும். பையோடு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, லாட் எண்ணும் கூடவே இருக்கும். கழுவினால் வெயிலில் நன்றாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி.

பூஞ்சை என்றதும் நினைவுக்கு வருவது அஃப்ளடாக்சின், பூஞ்சை உண்டாக்கும் ஒரு நச்சு. இது பெரும்பாலும் ஆலைக்கு வரும் முன்பே, சோளத்திலும் கடலையிலும் உண்டாகிவிடுகிறது. சூட்டில் வேகவைத்தாலும் முழுதாக அழிவதில்லை, கண்ணுக்கும் தெரியாது. அமெரிக்காவில் நூறு கோடியில் 20 பங்குதான் எல்லை. 2020 டிசம்பரில் ஸ்போர்ட்மிக்ஸ் நாய் உணவு திரும்பப் பெறப்பட்டபோது அதைத் தாண்டியிருந்தது, 110க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்டிஏவுக்குத் தகவல் போனது. நாய் தினமும் அதே பையிலிருந்து அதையே தின்கிறது, நம்மைப்போல் இன்று இட்லி நாளை மீ கோரிங் என்று மாற்றுவதில்லை. அதனால் நஞ்சு கல்லீரலில் கூடிக்கொண்டே போகும். சாப்பிட மறுப்பது, வாந்தி, சோர்வு, ஈறும் கண்ணும் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது எல்லாம் அறிகுறிகள். மஞ்சள் தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கிளினிக் போகும்போது பையையும் கொண்டுபோங்கள்.

ஒருமுறை இணையக் கடையில் வந்த பையைத் திறந்தபோதே கருகின எண்ணெய் மாதிரி ஒரு நெடி. நாய் பக்கத்திலேயே வரவில்லை. (அது ரோட்டில் செத்த எலியைத் தின்னப் பார்க்கும் ஜாதி, அதுவே வரவில்லை.) விற்பவரிடம் சொன்னதும் முதல் பதில், "வேறு யாரும் புகார் சொல்லவில்லை." பின்பக்கத்து எண், தேதி, பையின் வாயை மூடியிருந்த தையல், உள்ளே இருந்த பிஸ்கட் எல்லாவற்றின் படமும் அனுப்பினேன். பேச்சின் தோரணை மாறியது, பணம் திரும்ப வந்தது. என்ன கோளாறு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அன்று முதல், எந்தப் பை வந்தாலும் திறக்கும் முன் பின்பக்கத்தைப் படம் எடுத்துவிடுகிறேன்.

குழந்தை உள்ள வீடு என்றால் சால்மொனெல்லா என்ற, வயிற்றைக் கெடுக்கும் கிருமியையும் நினைக்க வேண்டும். சுட்டு முடித்த பிஸ்கட் மேல் கொழுப்பும் சுவையும் தெளிக்கிறார்கள், கிருமி அந்தக் கட்டத்திலும் தொற்றலாம். 2012இல் தென் கரோலைனாவில் ஓர் ஆலையின் உலர் நாய் உணவால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 மனிதர்கள் நோயில் விழுந்தார்கள். என் அக்கா மகன் வரும் நாட்களில் நாய்த் தட்டு பின்வாசலுக்குப் போய்விடும். அள்ளிப் போட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாருக்கும் சட்டம், அத்தைக்கும்தான். இப்போது நாகரிகமாகி வரும் பச்சை இறைச்சி உணவை நான் தொடுவதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகனில் ஒரு வீட்டுப் பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்தது, மூலம் அது தின்ற உறைந்த பச்சை வான்கோழி உணவு. நம் ஊர் சூட்டில், டெலிவரி மோட்டாரில் அது என்ன பாடுபடும் என்று யோசித்தாலே போதும்.

புகார் செய்ய இங்கே வழி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் தீவனச் சட்டம் தீவனத்தின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது, கவனிப்பது கால்நடைச் சேவைத் துறை. பணம் திரும்பக் கேட்க பயனீட்டாளர் நடுவர் மன்றம் உண்டு, கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளிவரை கோரலாம். கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதும் லாட் எண்ணும்.

ரீபேக்கை முழுதாக விட்டுவிட்டேனா என்றால், இல்லை. தவுக்கேயிடம் பெரிய மூட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுக்க விடுவீர்களா என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தானே மூட்டையைத் திருப்பிக் காட்டினார். அங்கே புது உணவைச் சோதித்துப் பார்க்க மட்டும் ஒரு கிலோ வாங்குவதுண்டு. இன்னொரு கடையில் அதே கேள்விக்கு "எதற்கு?" என்று எரிந்து விழுந்தார்கள். அங்கே பூனை மணல் மட்டும் வாங்குகிறேன், விலை மலிவு.