போல்ட் இல்லாத கேபிள் டிரே இணைப்பு: நூற்பாலையில் பயன்படுத்திய அனுபவம்

புதிய கூடம் கட்டும் நண்பர் ஒருவர், அமுக்கி மாட்டும் கப்ளரோடு (இரு டிரேக்களை முனையில் சேர்க்கும் இணைப்பான்) வரும் கம்பி வலை டிரேயை, அதாவது மின்கேபிள்களைத் தாங்கிச் செல்லும் தட்டை, வாங்கலாமா என்று கேட்டார். கோவைப் பக்கம் எங்கள் நூற்பாலையில் அது சில ஆண்டுகளாகவே பயன்பாட்டில் இருப்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

டிரேயைச் சுமக்கும் தாங்கிகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 41 மி.மீ. சி சேனலின் (ஒரு பக்கம் திறந்த எஃகுச் சட்டம்) வாய்க்குள் ஸ்பிரிங் நட்டை நுழைத்துத் திருப்பினால், அதன் பற்கள் உள்பக்கம் மடிந்த விளிம்பைக் கவ்விக்கொள்கின்றன. பின்னாலுள்ள சுருள்வில் நட்டை நழுவ விடாமல் நிறுத்துவதால், சாரத்தின் மேல் நிற்பவருக்கு ஒரு கை மிச்சமாகிறது. டிரேயின் உயரத்தை மாற்றத் துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். அமெரிக்காவில் சார்லஸ் ஆட்வுட் 1920களில் உருவாக்கிய இந்தச் சேனல் முறை இன்றும் உலகெங்கும் புழங்குவதற்கு அந்த வசதியே போதுமான காரணம்.

புதிதாக மாட்டும்போது கப்ளரும் அதே அளவுக்கு மகிழ்ச்சி தந்தது. 3 மீட்டர் நீள டிரேக்களை முனையோடு முனை வைத்து அமுக்கினால் வேலை முடிந்தது; ஸ்பேனரும் இல்லை, கைதவறிக் கீழே ஓடும் இயந்திரத்துக்குள் நட்டு விழுமோ என்ற பயமும் இல்லை. தாங்கிகள் 1.5 மீட்டர் இடைவெளியில் இருந்தால், இணைப்பு நடுவில் விழாமல் ஒரு தாங்கியிலிருந்து ஏறக்குறைய 37 செ.மீ. தள்ளி, அதாவது கால்பங்கு தூரத்தில், வருமாறு பார்த்துக்கொண்டால் தொய்வும் தெரிவதில்லை.

கழற்றும் நாளில்தான் பொறுமை போகிறது. நூற்பாலையில் இயந்திரங்கள் இடம் மாறுவது வழக்கம். அண்மையில் ஒரு மின் பேனலை நகர்த்தியபோது இணைப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. டிரேயின் கம்பியைப் பற்றும் கப்ளரின் நாக்கை (மடிந்த தகட்டு முனை) ஸ்குரூ டிரைவரால் நெம்பியதும் மடிப்புக் கோட்டில் துத்தநாகப் பூச்சு மயிரிழையாக வெடித்தது. மீண்டும் மடித்து மாட்டியபோது நாக்கு கம்பியைப் பற்றியதுபோல் தோன்றினாலும், விரலால் தள்ளினால் ஆடியது. முன்பே ஒருமுறை திறந்து மூடிய இணைப்புகளில் அதே கோட்டில் துரு ஏறியிருந்தது. மின்தொடர்ச்சி (இணைப்புகளைத் தாண்டியும் மின்சாரம் தடையின்றிப் பாய்வது) உள்ளதாக அறிவிக்கப்படும் டிரேயில் ஓர் இணைப்பின் மின்தடை 50 மில்லிஓமைத் தாண்டக் கூடாது என்கிறது கேபிள் டிரேக்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.இ.சி. 61537. ஆடும் நாக்கை நம்பி அந்த உறுதியை யார் தருவது? திறந்த இணைப்புகள் அனைத்துக்கும் தனியே செம்பு எர்த் இணைப்புப் போட்டோம்; மிச்சமான நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று.

நியாயமாகச் சொன்னால், ஒருமுறை மாட்டிய பின் தொடாத நீண்ட வரிசைகளுக்கு இந்தக் கப்ளரைவிட வேகமானதை நான் கண்டதில்லை. எங்கள் பிரதான வரிசையில் ஓர் இணைப்பும் தானாகக் கழன்றதில்லை. ஆனாலும் எங்கள் அடுத்த கூடத்துக்குப் போல்ட் கப்ளரையே எழுதிக் கொடுத்திருக்கிறேன், நேர் வரிசைகளுக்கும் சேர்த்து.