ஹார்மோன் சிகிச்சை: அரசு மருத்துவமனையா, தனியாரா?

நான் இரண்டு பக்கமும் போய் வந்த திருநங்கை. தனியாரில் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் அரசு மருத்துவமனைக்கு மாறினேன். இன்று யாராவது கேட்டால் அரசுப் பக்கம்தான் சொல்வேன்.

தனியாரில் சீக்கிரம் நடக்கும், பணம் போகும். அரசில் செலவு குறைவு, காத்திருக்க வேண்டும். இது தெரிந்த விஷயம்தான். ஆனால் காத்திருப்பு சின்ன விஷயம் இல்லை. கண்ணாடி பார்க்கவே பிடிக்காத நாட்களில் ஒரு மாதம்கூட ரொம்ப நீளம். நான் தனியாருக்குப் போனதே அதனால்தான்.

அப்போது நான் யோசிக்காதது, ஹார்மோன் ஆரம்பித்த பிறகு வரும் வருடங்களை. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அப்புறம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, மருந்து எடுக்கும் காலம் முழுக்க. திருநங்கைகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்கியதா, பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராமுக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுத்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். திருநம்பிகளுக்கு ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பார்ப்பார்கள்.

தனியாரில் இது ஒவ்வொன்றும் தனி பில். கை வறண்ட மாதங்களில் சோதனையைத் தள்ளிப்போட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினேன். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் பொட்டாசியம் 5.6, இயல்பைவிட அதிகம். உடம்பில் ஓர் அறிகுறியும் இல்லை. அதற்குள் மருத்துவரும் இடம் மாறிவிட்டார், என் பழைய அளவுகள் அவரோடு போயின.

அரசில் மருத்துவர் மூன்று பேர் மாறினார்கள், என் நோட்டு மாறவில்லை. எல்லா அளவும் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் இருக்கும். சோதனைக்கு வராவிட்டால் அடுத்த மாத்திரை கிடையாது. அந்தக் கண்டிப்புதான் என்னைக் காப்பாற்றுகிறது.

குறையும் உண்டு. மனநல மருத்துவரிடம் மறுபடியும் மூன்று முறை அனுப்பினார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் திருநராக இருப்பது மனநோய் வரிசையிலேயே இல்லை. அதனால் அந்த அலைச்சல் கசந்தது. ஒருநாள் கூட்டத்தின் நடுவே பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன், அதன்பின் அப்படியே செய்கிறார்கள்.

அறுவை சிகிச்சை நான் செய்துகொள்ளவில்லை, அதில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியாது. விரைகளை அகற்றிய பிறகு ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு பலம் இழக்கும் என்பதால், கண்காணிப்பு அங்கேயும் தொடரும்.

காத்திருக்கவே முடியாதவர்கள் தனியாரில் தொடங்குங்கள். அதே வாரம் அரசிலும் பெயர் பதிந்துவிடுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகலையும் கையோடு வாங்கி வையுங்கள்.